வெள்ளியில் பிங்க் கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளி நகையில் பதிக்கும் பிங்க் கற்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். பட்டறை வேலை தெரிந்தவர்களும் கல் பார்ப்பவர்களும் சேர்ந்து பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கடையில் பார்த்தபோது மார்கனைட் கல் நல்ல ரோஸ் நிறமாக இருந்தது. வெள்ளி மோதிரத்தில் கட்டி வாங்கி வந்து வீட்டில் பார்த்தால் வெறும் கண்ணாடி மாதிரி வெளுத்துத் தெரிகிறது. கல்லை மாற்றிவிட்டார்களா?
– வாசகி, கோயம்புத்தூர்

பெரும்பாலும் அதே கல்தான். மாறியது வெளிச்சமும் உலோகமும்.

மார்கனைட், மரகதத்தின் குடும்பமான பெரில் வகைக் கல். மாங்கனீசு தரும் நிறம் என்பதால் இயல்பிலேயே மெலிதாகத்தான் இருக்கும். 6 மி.மீ. கல்லில் அந்த நிறம் கண்ணுக்கு அகப்படுவதே கஷ்டம். 9, 10 மி.மீ. அகலமும் அதற்கேற்ற ஆழமும் இருந்தால்தான் பிங்க் என்று சொல்லும்படி நிற்கும். கடையில் தலைக்கு மேல் எரியும் மஞ்சள் விளக்குகள் பீச், ரோஸ் நிறங்களைத் தூக்கிக் காட்டும். வீட்டு வெள்ளை ட்யூப் லைட்டில் அந்தச் சலுகை கிடையாது. இதற்கு மேல் ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தால் மெல்லிய பூச்சுப் போட்ட வெள்ளி. பளீரென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் மெல்லிய நிறம் எதுவும் இன்னும் வெளுத்தே தெரியும். மார்கனைட்டை ரோஸ் கோல்டில் கட்டும் பழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போதும் சரிசெய்ய முடியும். கல்லைக் கழற்றிவிட்டு மோதிரத்துக்கு ரோஸ் கோல்ட் முலாம் போடச் சொல்லுங்கள். கல் உட்காரும் கிண்ணத்தின் உட்புறமும் நன்றாகப் பாலிஷ் ஆகி முலாம் ஏற வேண்டும். கல்லுக்குள் திரும்பி வரும் ஒளி அங்கிருந்துதான் வருகிறது. முலாம் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். அரை மைக்ரான் மோதிரத்தில் சில மாதங்களில் தேய்ந்து, உள்ளங்கைப் பக்கம் வெள்ளி தெரியத் தொடங்கும். 2 மைக்ரானுக்கு மேல் போட்டால் செலவு கூடும், ஆனால் அதற்கு அர்த்தம் உண்டு. முலாம் பிடிக்காதவர்கள் ஆக்சிடைஸ் செய்த கறுப்பு வெள்ளியில் கட்டலாம். சுற்றிலும் இருட்டு இருந்தால் வெளிறிய பிங்க்கூட எடுப்பாகத் தெரியும்.

பளபள வெள்ளியிலேயே வேண்டும் என்றால் நிறம் அழுத்தமான கல்லாக எடுங்கள். ஊதா கலந்த பிங்க்கான ரோடோலைட் கார்னெட்டுக்கு எங்கள் முதல் ஓட்டு. ஒடிசாவிலும் கிடைக்கும் கல். விலைக்கு நல்ல மதிப்பு. அடுத்து பிங்க் டூர்மலின். ஸ்பினலும் சஃபயரும் கையில் காசு இருப்பவர்களுக்கு.

வாங்குவதற்கு முன் கட்டாத கல்லை இரண்டு விரல்களின் இடுக்கில் முகம் மேலே பார்க்க வைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம், காலை வெளிச்சத்தின் நிழல் போதும். கல்லின் நடுவில் உங்கள் தோலின் ரேகை தெளிவாகத் தெரிந்தால் அடிப்பக்கம் ஆழமில்லாமல் தீட்டிய கல் அது. ஒளி திரும்பாமல் கீழே ஓடிவிடும். அந்தக் கல்லை எந்த உலோகத்தில் கட்டினாலும் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரியே இருக்கும். கடைக்காரர் வாசலுக்கு விடவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

வெள்ளி மோதிரத்தில் "ஒரிஜினல் பிங்க் சஃபயர்" 1,500 ரூபாய் என்கிறார்கள். நம்பலாமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

அந்த விலைக்கு, கண்ணுக்குச் சுத்தமான இயற்கை பிங்க் சஃபயர் ஒரு கேரட் அளவில் வராது. கிடைப்பது மூன்றில் ஒன்றாக இருக்கும்: செயற்கை கொரண்டம் (சஃபயரின் கனிமப் பெயர்தான் கொரண்டம்), சி.இசட். எனும் க்யூபிக் சிர்கோனியா செயற்கைக் கல், கண்ணாடி.

இதில் செயற்கை கொரண்டம் தரக்குறைவான பொருளில்லை. அலுமினா தூளைத் தீச்சுடரில் உருக்கி வளர்க்கும் முறையை பிரான்ஸின் வெர்னூய் 1902-இல் வெளியிட்டார். அன்றிலிருந்து தயாராகிறது. இயற்கைச் சஃபயருக்கு இருக்கும் அதே கடினம், கீறல் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 9. தினசரி மோதிரத்துக்குச் சொல்லப்போனால் உத்தமம். பெயரில்தான் தகராறு. "லேப்" அல்லது "செயற்கை" என்று பில்லில் எழுதித் தந்தால் 1,500 நியாயமான விலை. "எழுத மாட்டோம், வாய்ப் பேச்சே போதும்" என்றால் வாங்காதீர்கள்.

10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடியாகவோ செயற்கையாகவோ இருக்கலாம். வளைவான மெல்லிய கோடுகள் தெரிந்தால் தீச்சுடரில் வளர்த்த செயற்கைக் கொரண்டம். முனைகள் மழுங்கி, மேலே பொடிக் கீறல்கள் இருந்தால் கண்ணாடி என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கட்டாத கல் என்றால் எடையே காட்டிக்கொடுக்கும். 6 மி.மீ. வட்டக் கல், குவார்ட்ஸ் என்றால் முக்கால் கேரட் அளவு இருக்கும். சஃபயர் ஒரு கேரட்டை ஒட்டி வரும். சி.இசட். அதையும் தாண்டி ஒன்றேகால், ஒன்றரை என்று போகும். உங்கள் ஊர் வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது பழைய குடிசைத் தொழில். தெரிந்த குடும்பம் யாராவது இருந்தால் கல்லைக் காட்டுங்கள், ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

"செரி குவார்ட்ஸ்" என்று விற்பது பெரும்பாலும் கண்ணாடி. வெடிப்பு விட்டுச் சாயம் ஏற்றிய குவார்ட்ஸும் பிங்க் நிறத்தில் வரும். வெடிப்புக் கோடுகளில் மட்டும் நிறம் அடர்ந்திருந்தால் அது சாயம். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் பின்பக்கம் துடைத்தால் பல சமயம் பஞ்சில் ஒட்டும்.

தினமும் போட ஒரு வெள்ளி மோதிரம் வேண்டும். ரோஸ் குவார்ட்ஸ், ரோடோக்ரோசைட், குன்சைட் மூன்றும் பிடித்திருக்கின்றன. சமையல், பாத்திரம், அலுவலகம் எல்லாம் அதே கையோடுதான்.
– வாசகி, சென்னை

மூன்றில் ரோஸ் குவார்ட்ஸ் மட்டும். அதிலும் பட்டை தீட்டாமல், வழவழ மேடாக இருக்கும் கபோஷான் வடிவம்.

ரோடோக்ரோசைட்டின் கடினம் 3.5 முதல் 4 வரைதான். அது ஒரு கார்பனேட். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும். ஒரு மாதம் ரசம் வைத்தால் கல்லின் முகம் மங்கிவிடும். தோடாக, டாலராகப் போடுங்கள். குன்சைட்டுக்கு வேறு இரண்டு தொல்லைகள். இரண்டு திசைகளில் வெட்டினாற்போலப் பிளக்கும் குணம் உண்டு. சிங்க் விளிம்பில் ஓர் இடி போதும். வெயிலில் நிறமும் போகும். மாலை விசேஷத்துக்கு டாலராகப் போட்டு, வந்ததும் பெட்டிக்குள் வைக்க வேண்டிய கல் அது.

நாம் துடைக்கும் தூசியில் இருக்கும் மணல்துகளும் குவார்ட்ஸ்தான், கடினம் 7. அதற்குக் கீழே உள்ள கல் எல்லாம் சாதாரணத் துணித் துடைப்பிலேயே கீறும். ரோஸ் குவார்ட்ஸ் அந்த எல்லையில் சமமாக நிற்கிறது. பட்டை தீட்டினால் முனைகள் ஓரிரு ஆண்டில் மழுங்கும். கபோஷானில் மழுங்க முனையே இல்லை.

கட்டும் விதம் கல்லைவிட முக்கியம். 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) மெத்தென்ற உலோகம். கல்லைச் சின்னக் கொக்கிகளால் பிடிக்கும் நகக் கட்டில் அந்த நகங்கள் மெல்லியதாக இருந்தால் புடவை நூலில் மாட்டி மெல்ல மெல்ல எழும்பிவிடும். தினசரி மோதிரத்துக்குக் கல்லைச் சுற்றித் தகடு வளைத்து அமுக்கிய பெசல் கட்டு. நகம்தான் வேண்டுமென்றால் ஆறு நகம், ஒவ்வொன்றும் 1 மி.மீ.க்குக் குறையாமல். வாங்கும்போதே இரண்டு சோதனை: பழைய நைலான் சாக்ஸை மோதிரத்தின் மேல் இழுத்துப் பாருங்கள், நூல் மாட்டக் கூடாது. காதருகே வைத்து விரல் நகத்தால் தட்டுங்கள், உள்ளே "டிக் டிக்" என்று ஆடினால் கல் தளர்ந்திருக்கிறது.

பிங்க் கல் வைத்த மெட்டி வாங்கினேன். இரண்டாவது முறையும் கல் விழுந்துவிட்டது. செய்கூலியில் ஏமாற்றுகிறார்களா?
– வாசகி, சேலம்

வடிவம்தான் குற்றவாளி. மெட்டியின் அடிப்பக்கம் திறந்திருக்கும். போடும்போது விரிக்கிறோம், பிறகு அமுக்குகிறோம். ஒவ்வொரு முறையும் அந்த வளைவு மேலே கல் உட்கார்ந்திருக்கும் தகட்டையும் சற்று நெளிக்கிறது. கிண்ணத்தின் வாய் நீள்வட்டமாகிறது, கல் வெளியேறுகிறது. வெள்ளியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி ஒடியவும் செய்யும்.

கல் மெட்டிக்கு: விரல் அளவை முதலிலேயே சரியாக எடுத்து, ஒருமுறை போட்டால் கழற்றாத மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கல் 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். மேடு இல்லாத தட்டைக் கட்டு. செயற்கைக் கொரண்டமோ சி.இசட்.டோ போதும், விலை உயர்ந்த கல்லைக் காலில் வைத்துத் தேய்க்காதீர்கள். பசையில் ஒட்டிய கல்லா, தகட்டில் அமுக்கிய கல்லா என்று கேளுங்கள். பசை என்றால் சோப்புத் தண்ணீரில் சில மாதம்தான்.

கல் வைத்த வெள்ளி நகை கறுத்துப்போகிறது. விபூதி, பற்பசை, அலுமினியத் தாள் வைத்தியம் மூன்றையும் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

கல் இல்லாத வெள்ளிக்கும் கல் வைத்த வெள்ளிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. குழப்பம் அங்கேதான்.

கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு. காற்றில் உள்ள கந்தக வாயு, முட்டை, வெங்காயம், ரப்பர் பேண்டு, கம்பளி எல்லாமே அதற்கு உதவும். விபூதி வெறும் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குச் சரி. கல் நகையில் தேய்த்தால் மெல்லிய கல் கீறும், மீதிப் பொடி கிண்ணத்துக்குள் போய் உட்காரும். பற்பசையும் அராவும் பொருள்தான். ரோடியம் போட்ட நகையில் தேய்த்தால் அந்த மெல்லிய பூச்சே போய், இடையிடையே கறுப்பு எட்டிப் பார்க்கும். சோடா உப்பும் அலுமினியத் தாளும் சேர்ந்தால் சல்ஃபைடு மறுபடி வெள்ளியாகும், உண்மை. ஆனால் கொதிநீர் வேண்டும். அந்தச் சூட்டில் கார்னெட், டூர்மலின், குவார்ட்ஸ் எது வேண்டுமானாலும் விரிசல் விடலாம். ஆக்சிடைஸ் வேலைப்பாடு இருந்தால் அழகான கறுப்பும் கரைந்துவிடும்.

செய்ய வேண்டியது: கிண்ணத்தில் 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. அல்லது நாலைந்து பூந்திக்கொட்டைத் தோலைச் சுடுநீரில் ஊறவைத்து வடிகட்டி ஆறவைத்த நீர். ஐந்து நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் கல்லின் பின்பக்கத்தைத் தேயுங்கள். கல் "செத்துப்போச்சு" என்று சொல்லும் நகைகள் பலவற்றில் பின்னால் சந்தனமும் எண்ணெயும் க்ரீமும் படிந்து ஒளியை மறைத்திருக்கும், அவ்வளவுதான். அலசுவதும் கிண்ணத்திலேயே. குழாயடியில் அலசினால் தளர்ந்த கல் சாக்கடைக்குப் போகும். ஒற்றி எடுத்து, அரை மணி நேரம் காயவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் வையுங்கள்.

பின்பக்கம் மூடிய நகை, பிங்க் ஓப்பல், நூலில் கோத்த மணி ஆகியவற்றை ஊறவைக்கவே கூடாது. கடைகளில் ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் குன்சைட்டையும், நிறப்பூச்சுப் போட்ட பிங்க் டோபாஸையும் போடவிடாதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பளீர் பிங்க் டோபாஸில் பெரும்பகுதி பூச்சுக் கல். பூச்சு உரிந்தால் அடியில் நிறமற்ற கல்.

மகள் கல்யாணத்துக்கு பிங்க் கெம்பு செட் எடுக்கிறோம். "வெள்ளி அடித்தளம்" என்று சொல்வது உண்மையா? எப்படிப் பராமரிப்பது?
– மணமகளின் தாய், மதுரை

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகள் வெள்ளியில் உருவாக்கி, மேலே தங்கத் தகடு ஒட்டி, கெம்புக் கல் பதித்து வருபவை. புவிசார் குறியீடு பெற்றவை. அதே தோற்றத்தில் செம்பு, பித்தளையில் மைக்ரோ முலாம் போட்டு வருவதுதான் சந்தையில் அதிகம். அதை வாங்குவதில் தப்பில்லை, விலை மட்டும் வெள்ளி விலையாக இருக்கக் கூடாது. வெள்ளி எடை எவ்வளவு என்று பில்லில் தனியாகக் கேளுங்கள். "ஜெர்மன் சில்வர்" என்றால் அதில் துளி வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

இந்த வகைக் கட்டில் கல்லுக்கு அடியில் மெல்லிய தகடும் அரக்கும் இருக்கும். கெம்பின் அந்தச் சூடான ஜொலிப்பே தகட்டால் வருவது. தண்ணீரோ வியர்வையோ உள்ளே போனால் தகடு கறுத்து, அந்த ஒரு கல் மட்டும் பழுப்பாக நிற்கும். அதைத் திறக்காமல் சரிசெய்ய முடியாது. ஆகவே சென்ட், ஹேர் ஸ்ப்ரே, மேக்கப் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக நகை. கழற்றியதும் உலர்ந்த மல்மல் துணியால் ஒற்றி, காற்றில் கொஞ்ச நேரம் விட்டு, மடிக்காமல் தட்டையாக வையுங்கள். அரக்கு சூட்டில் இளகும். மண்டப வாசலில் நிறுத்திய காரில் நகைப்பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள். கல் விழுந்தால் அதே கல்லைப் பத்திரப்படுத்துங்கள். பழைய கெம்புக்கு ஒத்த நிறம் தேடுவது பெரிய வேலை, வீட்டுப் பசையால் ஒட்டினால் பத்தருக்கு இரட்டை வேலை.

எந்தப் புடவையோடு போடலாம் என்றால், அரக்கு, குங்கும நிறப் பட்டில் பிங்க் கெம்பு கரைந்து போகும். மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை, மயில் கழுத்து நிறத்தில் தனியாக நிற்கும்.

பில்லில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், விருதுநகர்

கல்லின் எடையை வெள்ளி விலையில் சேர்க்கிறார்களா என்பதை. மோதிரம் மொத்தம் 6.40 கிராம், கல் 7 கேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேரட் 0.2 கிராம், ஆகவே கல் 1.40 கிராம். வெள்ளி 5 கிராம் மட்டுமே. கல்லுக்குத் தனி விலை போட்டுவிட்டு 6.40 கிராமுக்கும் வெள்ளி விலை போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு.

வெள்ளிக்கு ஹால்மார்க் இன்னும் கட்டாயமில்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வெள்ளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடத் தனி அடையாளக் குறி வந்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். வெறுமனே "925" என்று குத்தியிருப்பது செய்தவரின் வாக்குமூலம் மட்டும். ஹால்மார்க் உலோகத்துக்குத்தான், கல்லுக்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

மோதிரம் இறுக்கமாக இருக்கிறது. டூர்மலின் கல்லோடு அப்படியே பெரிதாக்கலாம் என்கிறார் ஆசாரி. பயமாக இருக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பயம் நியாயமானது. மோதிரத்தை வெட்டிப் பெரிதாக்கி ஒட்டும் வெள்ளிப் பற்றாசு உருக 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்தும் உலோகம். அடியில் ஊதினாலும் மேலே கல்லுக்குப் போய்ச் சேரும். டூர்மலினுக்குள் பெரும்பாலும் நுண்ணிய திரவத் துளிகள் இருக்கும், அவை விரிந்தால் கல் வெடிக்கும். சூட்டோடு அமிலத்தில் முக்கினால் தப்பிய கல்லும் தப்பாது. கல்லைக் கழற்றி, வேலை முடித்து, மறுபடி பதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் லேசர் வெல்டிங் உள்ள பட்டறை, அதில் சூடு ஒரு புள்ளியோடு நிற்கும். இரண்டு அளவுக்கு மேல் பெரிதாக்கினால் மேல்கட்டு விரிந்து கல் தளரும்.

அளவைக் காலைக் குளிரில் எடுக்காமல் சாயங்காலம் எடுங்கள். உள் சுற்றளவு மில்லிமீட்டரில் எவ்வளவோ அதில் 40-ஐக் கழித்தால் நம் ஊர் மோதிர எண். 54 மி.மீ. என்றால் 14. மோதிர வளையம் 6 மி.மீ.க்கு மேல் அகலம் என்றால் ஓர் எண் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரத்தினபுரிக் கல் என்று உறவினர் ஒரு பிங்க் சஃபயர் தந்தார். சிலர் மாணிக்கம் என்கிறார்கள். வெள்ளியில் கட்டலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

மாணிக்கமும் பிங்க் சஃபயரும் ஒரே கொரண்டம். இரண்டுக்கும் நிறம் தருவது குரோமியம். அடர்ந்து சிவந்தால் மாணிக்கம், மெலிந்தால் பிங்க் சஃபயர். எல்லைக்கோட்டில் நிற்கும் கல்லை ஓர் ஆய்வகம் ஒன்றாகவும் மற்றொன்று வேறாகவும் எழுதுவதுண்டு. ஜாதகப்படி எது செல்லும் என்பதை ஜோதிடரிடம்தான் கேட்க வேண்டும்!

கட்டுவதற்கு முன்னமே கொழும்பில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்தில் காட்டுங்கள். கட்டிய பின் எடையும் அடிப்பக்கமும் சரியாகப் பார்க்க முடியாது. நிறம் கூட்டச் சூடேற்றிய கல்லா என்பதையும் கேளுங்கள், விலை அதில் பெரிதும் மாறும். நிறத்தில் ஆரஞ்சு கலந்திருந்தால் நிறம் நிலைக்குமா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். மடகாஸ்கரிலிருந்து வரும் அந்த நிறக் கற்களில் சில, வெளிச்சத்தில் ஆரஞ்சை இழந்து வெறும் பிங்க் ஆகின்றன.

இயற்கைக் கல் என்று உறுதியானால் வெள்ளி நகங்களை நம்பி ஒப்படைக்காதீர்கள். சுற்றித் தகடு கட்டி, பின்பக்கம் திறந்த வெள்ளி டாலராகப் போடலாம். மோதிரம் என்றால் 18 கேரட் வெள்ளைத் தங்கம்.

பிங்க் கல் வெள்ளித் தோடு போட்டால் காது அரிக்கிறது.
– வாசகி, ஈரோடு

வெள்ளியைவிட நிக்கல்தான் பெரும்பாலும் காரணம். திருகாணியும் தண்டும் வேறு உலோகமாக இருக்கலாம், அல்லது முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கலாம். பட்டறையில் தண்டை மட்டும் தங்கத்தில் மாற்றித் தருவார்கள், முகப்பு அப்படியே இருக்கும். புதிதாகக் குத்திய காதில் புண் முழுவதும் ஆறும்வரை வெள்ளி வேண்டாம். ஆறிய பிறகும் அரித்தால் தோடு, திருகாணி இரண்டையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.